பெதானி எடுத்த நாலு நிமிடம்

பெதானிக்குச் செத்துப்போன ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஆள்கூட வேண்டாம், ஒரு புகைப்படம் போதும். வயது ஐம்பத்தைந்துக்கு மேல், பார்த்தால் நம்ம வீட்டு மனிதர் மாதிரி ஒரு முகம். அதைச் சட்டம் போட்டு, சம்பங்கி மாலை சாத்தி, ஒரு பொய்ச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு காட்சி எடுத்தால் அவளுடைய குறும்படம் முடிந்துவிடும். இதற்காகத் தீவின் வடக்கே ஈசூனிலிருந்து கிழக்கே பிடோக் வரை தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒருவரும் தரவில்லை.

முதலில் ஒப்புக்கொண்டிருந்தவர் ரெங்கசாமி, மேடை நாடகங்களில் ராஜா வேஷம் கட்டிய மனிதர். படப்பிடிப்புக்கு நாலு நாள் இருக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பொணமா படுக்கச் சொல்லும்மா, நாள் பூரா படுக்கறேன். போட்டோவுக்கு மாலை மட்டும் வேணாம். பொண்ணுங்க ரெண்டு பேரும் அழறாங்க.”

இது என்ன நியாயமோ. பிணமாகப் படுத்தால் நடிப்பாம், படத்துக்கு மாலை விழுந்தால் சாவாம். பெதானிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். தமிழ் வீடுகளில் சுவரில் மாலையோடு தொங்குகிற படம் யாருடையது என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்துக்களானாலும் வேதக்காரர்களானாலும் இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. பத்தொன்பதில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது, முதல் குறும்படம் எடுத்தாள். பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர், அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள். இரண்டாவது படம் முழுக்க எடுத்து முடித்தபின் ஹார்ட் டிஸ்க்கைப் பையோடு பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய இஞ்ஞாசியின் மகள், பேருந்தில் படத்தைத் தொலைத்தாள். பிடோக் முனையத்தில் இஞ்ஞாசியே போய் மூன்று நாள் தேடினார். மூன்றாவது படம் பாதியில் நிற்கிறது, கதாநாயகிக்குக் கல்யாணமாகிவிட்டதால். அதற்குப் பிறகு ஏழு வருடம் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநர் வேலை. நடிகை எந்தக் கையில் டம்ளர் பிடித்திருந்தாள், வளையல் எத்தனை என்று எழுதிவைக்கிற வேலை அது. சனி ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் அசோக் நடத்தும் ஸ்டூடியோவுக்காகக் கல்யாண வீடியோ. தாலி கட்டும் நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நடுவில் வந்து நிற்கிற மாமாக்களை ஏழு வருடமாகச் சகித்துக்கொண்டு வருகிறாள், பாவம்.

அவள் மேசையில் ஒரு முழுநீளப் படத்துக்கான கதை ஆறு வருடமாகக் கிடக்கிறது. பேருந்து முனையத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் மூன்று பெண்களின் கதை. அதை எடுக்க இந்த வருடம்தான் வழி திறந்தது. இளம் இயக்குநர்களுக்கான ஒரு திட்டத்தில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐவரும் ஆளுக்கொரு குறும்படம் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு முழுநீளப் படம் எடுக்கும் வாய்ப்பு. திங்கட்கிழமை நண்பகலுக்குள் படம் போய்ச் சேர வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினாலும் வாசல் மூடிவிடும்.

பெதானியின் குறும்படத்தில் ஒரு பெண் வருகிறாள். புருஷன் செத்துக் கிடக்கிறான். வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். கடைசிக் காட்சியில்தான் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் புகைப்படம்.

இஞ்ஞாசி இதையெல்லாம் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் போட்டோவ எடுத்துக்கோ லா,” என்றார். “ரிட்டயர் ஆனப்ப எடுத்தது. டை எல்லாம் கட்டியிருக்கேன்.”

“அப்பா, செவ்வாய்க்கெழம உங்களுக்கு ஆப்பரேஷன்.”

“அதான் சொல்றேன். எல்லாம் ரெடியா இருக்குல்ல.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா உனக்கும் சேத்து ரெண்டு போட்டோ வேணும்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் இதயத்தில் மூன்று அடைப்பு இருக்கிற மனிதர் தானாக வந்து சிரித்தால் யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்.

அம்மா பிரிஜட்டுக்கு இது தெரியாமல் இருக்க ஒரு வசதியும் அமைந்தது. ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. கணவரின் அறுவை சிகிச்சை நல்லபடி முடிய வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு, வியாழன் முதல் சனி வரை மலாக்காவில் ஒரு மௌனத் தியானத்துக்குப் போனார். மூன்று நாளும் வாய் திறக்கக் கூடாது. தொலைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவார்.

வியாழன் காலை கிளம்பும்போது ஒரு சண்டை. சர்க்கரை வியாதிக்காரரான இஞ்ஞாசி, சமையலறையில் சத்தமில்லாமல் காப்பியில் டின்னில் வரும் தித்திப்புக் கட்டிப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். பிரிஜட் பார்த்துவிட்டார்.

“சாகறதுன்னா சாவுங்க,” என்றார், பையைத் தூக்கிக்கொண்டே. “என்னப் பார்க்க வச்சுச் சாகாதீங்க.”

கதவு சாத்தியது. மூன்று நாள் மௌனத்துக்கு முன்னால் அந்த அம்மாள் கடைசியாகப் பேசியது அதுதான்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு புளோக் தள்ளி, ஒரு வாய்ட் டெக்கில் படப்பிடிப்பு. அடுக்குமாடிக்குக் கீழே சுவரில்லாமல் திறந்து கிடக்கிற இடம். கல்யாணம் என்றாலும் அங்கேதான், சாவு என்றாலும் அங்கேதான். அனுமதி வாங்கியாயிற்று. ‘படப்பிடிப்பு நடக்கிறது’ என்று அந்த புளோக்கின் மின்தூக்கி வாசல்களில் ஒட்டியாயிற்று. சாலைப் பக்கம் மட்டும் ஒட்டவில்லை, ஒட்டினால் காட்சியில் தெரியும். அந்த ஒரு காகிதத்தை ஒட்டாமல் விட்டதை நினைத்து நினைத்துப் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேசைகள், வெள்ளை விரிப்பு, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் பாக்கெட்டுகள். பிளைவுட்டில் செய்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி. அதன் தலைமாட்டில் டை கட்டிய இஞ்ஞாசி, கழுத்தில் லிட்டில் இந்தியாவில் வாங்கிய சம்பங்கி மாலை. கேமரா பின்வரிசைத் தூணுக்குப் பின்னால். ஒலிப்பதிவு செய்கிறவன் வழக்கம்போல எல்லாருடைய தொலைபேசிகளையும் வாங்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டான். சாவு வீட்டுக்கு வந்தவர்களாக நடிக்க எட்டுப் பேர். சாலையிலிருந்து பார்த்தால் அது அசல் சாவு வீடுதான்.

அப்படித்தான் சவரியப்பன் அங்கிளும் நினைத்தார். மாதா கோயிலில் அடக்கப் பூசைக்குப் பாடுகிற மனிதர் அவர். பன்னிரண்டு மணி சுமாருக்கு எதிர்ப்பக்கம் பேருந்துக்காக நின்றவர், இஞ்ஞாசியின் படத்தில் மாலையைப் பார்த்தார். இதய நோய் என்று ஏற்கெனவே தெரியும். பாடல் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, பேருந்தும் வந்துவிட்டது. அவசரமாக ஒரு படம் எடுத்து, ‘நம் சகோதரர் இஞ்ஞாசி இறைவனடி சேர்ந்தார், அவர் ஆன்மாவுக்காகச் செபிப்போம்’ என்று எழுதி, இடத்தையும் போட்டு, கோயில் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். கிட்டே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா. நல்ல மனிதர்தான், ஆனால் சாவுச் செய்தியை முதலில் சொல்கிறவர் என்ற பெயர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மலாக்காவில் அன்று தியானம் நடத்திய ஃபாதருக்குக் காய்ச்சல். காலையிலேயே முடித்து அனுப்பிவிட்டார்கள். ஜொகூர் பாலத்தில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது பிரிஜட் தொலைபேசியைத் திறந்தார். நூற்றுப்பத்து அனுதாபச் செய்திகள். கணவரைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. பதினாறு தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்று நாள் தொலைபேசி இல்லாமல் இருந்ததால், எப்போது போனார் என்றுகூட அவருக்குத் தெரியாது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் டாக்ஸி பிடித்தார்.

இங்கே பெதானிக்கு வேறு கவலை. புருஷனை இழந்த பெண்ணாக நடித்தது லீலா அக்கா. முப்பது வருட அனுபவம், கண்ணீர் கேட்ட நேரத்தில் வரும். அதுதான் தொல்லை. நாலு தடவை எடுத்தும் நாலு தடவையும் தொலைக்காட்சித் தொடர் அழுகைதான் வந்தது. ஆறு வருடக் கதை இந்த ஒரு காட்சியில் தொங்குகிறது, காட்சியோ செத்துப்போய்க் கிடக்கிறது. இஞ்ஞாசி எல்லாருக்கும் காப்பி வாங்கி வரக் காப்பிக்கடைக்குப் போயிருந்தார். மணி இரண்டு நாற்பது. “இன்னொன்னு போலாம், லீலா அக்கா,” என்றாள். கேமரா ஓடத் தொடங்கியது.

டாக்ஸி வந்து நின்றது. பிரிஜட் இறங்கினார், கையில் பயணப் பை. அவரை முதலில் பார்த்தது பெதானிதான். தூணுக்குப் பின்னால், காதில் ஹெட்ஃபோனோடு நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது.

பிரிஜட் அலறவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். துணை நடிகர் யாரோ என்று நினைத்து லீலா அக்கா விலகி வழிவிட்டார். பிரிஜட் படத்தைப் பார்த்தார். பிறகு பெட்டி மேல் கையை வைத்தார்.

“உங்களுக்காகத்தானே போனேன்,” என்றார். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுகிற குரல். “மூணு நாள் வாயைத் திறக்கலையே நான். அன்னிக்குச் சொன்னது மனசார சொன்னது இல்லங்க. உங்களுக்குத் தெரியாதா, நான் அப்படித்தானே பேசுவேன். எழுந்திருங்க. கட்டிப்பால் ஊத்தியே கலக்கித் தரேன். எழுந்திருங்க.”

துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கினார், மறுபடியும் நின்றது. பையைத் தரையில் வைத்து, பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் அசையவில்லை. லீலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் இரண்டு கையிலும் காப்பிப் பைகளோடு இஞ்ஞாசி வந்தார்.

“என்ன பிரிஜட், ராத்திரிதானே வருவேன்னு சொன்ன?”

பிரிஜட் அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். எழுந்து, படத்திலிருந்த மாலையைப் பிய்த்துத் தரையில் எறிந்தார். சட்டத்தோடு படத்தை மார்பில் அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். இஞ்ஞாசி காப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினார், ஓடக் கூடாத மனிதர்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆரிஃப் மெல்ல நிமிர்ந்தான். தொழிற்கல்லூரி நாளிலிருந்து அவளுக்கு அவன்தான் ஒளிப்பதிவாளன்.

“பெத்,” என்றான். “முழுசா கெடச்சிருக்கு.”

எல்லாரிடமும் பெதானி ஒரே பதில் சொன்னாள்: உறைந்துபோய்விட்டேன், வாய் வரவில்லை. லீலா அக்காவிடம் சொன்னாள், அப்பாவிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிஜமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலே வீட்டுக்கு வந்துவிட்டது. இஞ்ஞாசி உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். துக்க வீட்டுக்கென்று சமைத்ததை வீணாக்காமல் சிலர் பாத்திரத்தோடு வந்தார்கள். முதல் ஆளாக வந்த சவரியப்பன் அங்கிள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“ஆண்டவருக்கு மூணு நாள் ஆச்சு,” என்றார் இஞ்ஞாசி. “நான் அன்னிக்கே எழும்பிட்டேன். உக்காருங்க.”

பிரிஜட் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார். எல்லாரோடும் பேசினார். கணவரோடும் மகளோடும் மட்டும் பேசவில்லை.

பெதானி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தாள். அந்த நாலு நிமிடத்தை ஓட்டிப் பார்த்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்து வருடமாக அவள் தேடியது அதில் இருந்தது. ஆரிஃப் குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி அனுப்பினான். ‘லீலா அக்கா முதுகுல ஆரம்பிச்சு அம்மாகிட்ட போயிடலாம். இத வச்சா நம்மள யாரும் தொட முடியாது.’ அவன் சொன்னதில் தப்பே இல்லை.

ஒலியைச் சரிபார்க்க ஹெட்ஃபோனை மாட்டினாள். பெட்டிக்குப் பக்கத்து மைக், பிறகு தூணுக்குப் பக்கத்து மைக். அந்த இரண்டாவதில், அம்மா பெட்டி மேல் கை வைத்த நொடிக்கு அடுத்து, கிசுகிசுப்பாக ஒரு குரல் கேட்டது.

“நிறுத்தாத, ஆரிஃப்.”

அது அவள் குரல். சற்றுப் பொறுத்து மறுபடியும், இந்தத் தடவை பதற்றமே இல்லாமல், வேலை நேரத்துக் குரலில்: “நிறுத்தாத.”

பெதானி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். வெளியே இஞ்ஞாசி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உறையவில்லை. வாய் வந்திருக்கிறது. வந்த வாய் ‘அம்மா’ என்று சொல்லவில்லை.

அந்தக் குரலை நீக்க ஒரு விரல் போதும். நீக்கினால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆரிஃப் வாய் திறக்க மாட்டான். மிச்சம் இருந்தது கையெழுத்து. முகம் தெரிகிற ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. தொடர்களில் கூட்டத்தில் நின்றவர்களுக்காக உதவி இயக்குநர்களே நாலைந்து பேனாவை மாற்றி மாற்றிப் போட்டுவிடுவார்கள், இவளும் போட்டிருக்கிறாள். அம்மாவின் கையெழுத்தோ தொடக்கப்பள்ளித் தேர்ச்சி அட்டை நாளிலிருந்து பழக்கம். ஒரு பழைய காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அச்சாக வந்தது. உடனே கிழித்துப் போட்டாள். கிழித்தாளே தவிர, மனசு அதை விடவில்லை. மதியம் முழுக்க அதே நினைப்புத்தான். படிவம் வேண்டும் என்பதை ராத்திரி அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தது. பிரிஜட் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு நாளுக்குப் பிறகு பேசினார்.

“நான் அழுதது எல்லாம் கேமராவுல விழுந்திருச்சாமே. அப்பா சொன்னாரு.”

“ஆமாம்மா.”

“என் கையெழுத்து வேணுமாம். எங்க போடணும்?”

“ஏம்மா?” என்றாள்.

“என்ன ஏன். ஆறு வருஷமா அந்தக் கதைய வச்சுக்கிட்டுக் கஷ்டப்படற. உன் மேல கோவம்தான், இல்லன்னு சொல்லல. அப்பா போட்டோவ வச்சதுக்கு எப்பவும் கோவம்தான். ஆனா நீ என்ன, வேணும்னா என்னை அழ வச்ச? பாவம், அப்படியே வெறச்சுப் போய் நின்னுட்டியாம். எனக்கே அன்னிக்குக் கை கால் வரலயே.” படிவத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தார். “இங்கயா?”

நாலு மணி நேரம் இருக்கிறது. கையெழுத்து விழப்போகிறது, அம்மாவே போடுகிறார், திருட்டு இல்லை. பேசாமல் இருந்தால் போதும். பெதானி அந்தப் பேனா முனையைப் பார்த்தாள். அது காகிதத்தைத் தொடப் போனது.

“இருங்கம்மா,” என்றாள். “போடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.”

மடிக்கணினியைத் திருப்பி வைத்து, குரலை நீக்காமல் ஓட்டினாள். பிரிஜட் தன்னையே பார்த்தார். பெட்டி மேல் கை வைத்ததைப் பார்த்தார். கிசுகிசுப்பு வந்தது. முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது.

“யாரு அது?”

“நான்தாம்மா.”

பிரிஜட் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்பா போகலன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நான் போயிட்டாருன்னு நினைச்சேன்னும் தெரியும்.”

“தெரியும்மா.”

“எவ்ளோ நேரம்?”

“நாலு நிமிஷம்.”

பிரிஜட் பேனாவை மூடினார். திட்டுவார் என்று பெதானி எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“நாலு நிமிஷம் எனக்குப் புருஷன் இல்ல, பெதானி. உனக்கு அப்பா இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்.”

படிவத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையலறையில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பெதானி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்காக அழுதாள், படத்துக்காகவும் அழுதாள். இரண்டையும் பிரிக்க அவளால் முடியவில்லை.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, லீலா அக்காவின் மூன்றாவது அழுகையை எடுத்துக் கடைசியில் ஒட்டினாள். பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினாள். ஆரிஃப் தொலைபேசியில் கத்தினான்.

“பைத்தியமா உனக்கு? அவங்களே போடறேன்னுதானே சொன்னாங்க. நீ ஏன் அதைப் போட்டுக் காட்டின?”

“என் குரலக் கேட்டியா நீ?”

“கேட்டேன். நல்ல டைரக்டர் குரல்தான் அது.”

“அதான்டா,” என்று வைத்துவிட்டாள்.

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. அவள் பெயர் இல்லை. கடைசிக் காட்சி மட்டும் கொஞ்சம் பழகிய மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார்கள், தப்பாக ஒன்றும் எழுதவில்லை. அந்த நாலு நிமிடத்தை அழித்தாளா என்று கேட்பீர்கள். அழிக்கவில்லை, படம் எடுப்பவளுக்கு அதற்குக் கை வராது. இருந்த பிரதிகளை ஒரே டிஸ்க்கில் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். பிரிஜட் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இழுப்பறையில் அதை வைத்துப் பூட்டிவிட்டார். முழுநீளக் கதையையும் விடவில்லை. திட்டம் கிடையாது என்றால் கிடையாது, வாரக் கடைசிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, முடிக்க மூன்று வருடமானாலும் ஆகட்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். ஒரு மாதம் பேசாமல் இருந்த ஆரிஃப் இப்போது அவளோடு முனையங்களைப் பார்த்து வருகிறான். இதெல்லாம் பிற்பாடு நடந்தவை.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த நாள்தான் அறுவை சிகிச்சை. காலை ஏழு மணிக்கு இஞ்ஞாசியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “சண்ட போடாதீங்க லா,” என்றார். இருவரும் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி. பிரிஜட் செபமாலை உருட்டினார்.

நாலு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாயிற்று. ஆறாயிற்று. கேட்டதற்கு, நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் பெதானி வருகிறவர் முகத்தைப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் உடம்போடு புரிந்தது. அம்மா பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே வரவில்லை.

ஒன்றரை மணிக்கு ஒரு தாதி வந்தார். குடும்பத்தில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம், டாக்டர் பேச வேண்டும் என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிரிஜட் எழுந்து, நீளமான தாழ்வாரத்தில் நடந்து, கோடியிலிருந்த கதவுக்குள் போனார்.

பெதானி நின்றுகொண்டே இருந்தாள். உட்கார முடியவில்லை. டாக்டர் எதற்குத் தனியாகக் கூப்பிட வேண்டும்? நல்ல செய்தி என்றால் தாதியே சொல்லியிருக்கலாமே. அப்பா டை கட்டிச் சிரித்த அந்தப் படம் நினைவுக்கு வந்தது. தன் கையால் மாலை போட்டதும் நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தது. தாழ்வாரக் கோடியில் பிரிஜட் சின்னதாகத் தெரிந்தார். கிளினிக்கில் உரக்கப் பேசுகிற நோயாளிகளை விரலைக் காட்டி அடக்குகிறவர், வீட்டிலேகூடக் கத்திப் பேசாதவர். அவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

“அப்பா நல்லா இருக்காரு, பெதானி. நல்லா இருக்காரு.”

சொல்லிவிட்டுத்தான் மகளை நோக்கி நடந்து வந்தார். அந்தத் தாழ்வாரத்தை நடந்து கடக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம்கூட மகளைக் காக்க வைக்க அவருக்கு மனசு வரவில்லை.